'குட்' என்றால் சுமார்தான்! - 25 சென்ட் கதை இதழ்களுக்கு விலை வைப்பது எப்படி?

1926 ஏப்ரல் இதழாக அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது 'அமேசிங் ஸ்டோரீஸ்'. விலை 25 சென்ட். ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் தொடங்கிய இந்த மாத இதழ்தான், அறிவியல் புனைகதைக்காக மட்டுமே ஆங்கிலத்தில் வந்த முதல் இதழ். முதல் இதழிலேயே ஜூல்ஸ் வெர்ன், ஹெச்.ஜி.வெல்ஸ், எட்கர் ஆலன் போ கதைகள் இருந்தன.

மரக்கூழில் தயாரான மலிவான தாளில் அச்சானதால் இப்படிப்பட்ட இதழ்களுக்கு 'பல்ப்' என்று பெயர். படித்துவிட்டுத் தூக்கிப் போடுவதற்காகவே வந்தவை இவை. இன்று இவற்றைத் தேடித்தேடி வாங்க ஒரு கூட்டமே இருக்கிறது.

ஏன் கிடைப்பதில்லை?

முதல் எதிரி அந்தத் தாளேதான். அதில் இருக்கும் அமிலம், தாளை உள்ளிருந்தே அரிக்கிறது. வெள்ளைத் தாள் மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் அப்பளம்போல நொறுங்கும். இரண்டாவது எதிரி, இரண்டாம் உலகப் போர். அப்போது அமெரிக்காவில் வீடு வீடாகப் பழைய காகிதம் திரட்டினார்கள். அதில் கட்டுக்கட்டாக இதழ்கள் போய்விட்டன. பெரும்பாலானவர்கள் வேண்டாம் என்று எடைக்குப் போட்டதால்தான், தப்பித்த சில பிரதிகளுக்கு இன்று இவ்வளவு மவுசு.

கிரேடு சொல்லும் ரகசியம்

நியர் மின்ட், ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர் - மேலிருந்து கீழாக இதுதான் வரிசை. புதிதாக வாங்குபவர்கள் ஏமாறும் இடம் 'குட்'. பெயரைப் பார்த்து நல்ல பிரதி என்று நினைத்துவிடக் கூடாது. பக்கங்கள் முழுதாக இருக்கும், படிக்க முடியும். ஆனால் அட்டை மடங்கியிருக்கும், முதுகுப் பகுதி பெயர்ந்திருக்கும். அந்த நிலைக்குத்தான் 'குட்' என்று பெயர்.

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது முதுகைத்தான். அடுத்து, அட்டை ஒட்டிக்கொண்டிருக்கிறதா, தாளின் நிறம் என்ன, உள்ளே விளம்பரக் கூப்பன் எதையாவது வெட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பல்ப் இதழ்களின் அட்டை, உள்பக்கங்களைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்த ஓரம்தான் முதலில் கிழியும். சிலர் அழகாக இருக்கட்டும் என்று அதைக் கத்தரித்துவிடுவார்கள். விலை அங்கேயே சரிந்துவிடும். செலோடேப் ஒட்டினாலும் அதே கதிதான்.

எழுத்தாளர் ஐசக் அசிமோவின் அப்பா, நியூயார்க்கின் புரூக்ளினில் மிட்டாய்க் கடை வைத்திருந்தார். அங்கே விற்பனைக்கு வரும் இதழ்களை, சிறுவன் அசிமோவ் கசங்காமல் படித்துவிட்டு மறுபடி ரேக்கில் வைக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே பரிசோதனைதான் இன்றைய கிரேடிங்கும். இப்போது எடுத்து ரேக்கில் வைத்தால், புது இதழ் என்று நம்பும்படி இருக்கிறதா?

பழசு என்றாலே காசா?

இல்லை. எந்த இதழ் என்பதுதான் முக்கியம். 1928 ஆகஸ்ட் 'அமேசிங் ஸ்டோரீஸ்' நல்ல உதாரணம். பக் ரோஜர்ஸ் கதாபாத்திரம் அறிமுகமானது இந்த இதழில்தான். அட்டையில் ஒருவர் பறந்துகொண்டிருப்பார். அவர்தான் பக் ரோஜர்ஸ் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது, அதே இதழில் தொடங்கிய இ.இ.ஸ்மித்தின் வேறொரு தொடர்கதைக்கு ஃபிராங்க் ஆர்.பால் வரைந்த படம். ஒரே இதழில் இரண்டு பெரிய தொடக்கங்கள் என்பதால் மதிப்பும் அதிகம்.

1939 ஜூலை 'அஸ்டவுண்டிங்' இதழும் அப்படித்தான். ஏ.இ.வான் வோக்ட்டின் முதல் அறிவியல் கதையும், அந்த இதழில் அசிமோவ் எழுதிய முதல் கதையும் அதில் வந்தன. மாறாக, 1950-களில் சின்ன அளவில் வந்த பல இதழ்கள் இன்றும் சில டாலர்களுக்கே கிடைக்கின்றன.

விலை பார்க்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. விற்பவர் கேட்கும் விலை வேறு. ஏலத்தில் உண்மையில் விற்ற விலை வேறு. இரண்டாவதுதான் கணக்கு.

திறப்பதா, மூடி வைப்பதா?

நூறு வயதை நெருங்கும் தாளை ஒவ்வொரு முறை புரட்டும்போதும் ஓரம் கொஞ்சம் உதிரும். அதனால் உயர்ந்த கிரேடு பிரதிகள் மைலார் உறைக்குள், அமிலமில்லாத அட்டையோடு, வெயிலும் ஈரமும் படாத இடத்தில் தூங்குகின்றன. வைத்திருப்பவரே திறந்து படிக்கத் தயங்குவார். கதையை மட்டும் படிக்க நினைப்பவர்களுக்கு, 'இன்டர்நெட் ஆர்க்கைவ்' தளத்தில் பல இதழ்களின் ஸ்கேன் பிரதிகள் கிடைக்கின்றன.

கையில் வைத்துப் புரட்டிப் படிக்கும் ஆசை இருந்தால் 'குட்' கிரேடே போதும். விலை குறைவு; ஏற்கெனவே மடங்கிய அட்டை என்பதால் பயமும் குறைவு. கைகளைக் கழுவித் துடைத்துவிட்டு, மேஜையில் வைத்து, முதுகு மடங்காமல் பாதி மட்டும் திறந்து படிக்கலாம்.