ஒரே ஸ்லைடு ஷோ, உலாவிக்கு ஒரு கோலம்

இணையதளத்தின் முகப்பில் நான்கைந்து படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்துகொண்டிருக்கும். குரோமில் சீராக ஓடும் அதே ஸ்லைடு ஷோ, சஃபாரியில் உயரமே இல்லாமல் சுருங்கிப்போகும். பழைய கைபேசியில் எல்லாப் படங்களும் ஒன்றன்கீழ் ஒன்றாகக் கொட்டிக் கிடக்கும். வடிவமைத்தவரைக் கேட்டால், “என் கணினியில் நன்றாகத்தானே வருகிறது” என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

சர்வரிலிருந்து நம்மிடம் வருவது படங்களும், அவற்றை எப்படிக் காட்ட வேண்டும் என்று எழுதிய குறிப்புகளும்தான். உள்ளடக்கத்தை எச்டிஎம்எல்லும், தோற்றத்தை சிஎஸ்எஸ்ஸும், இயக்கத்தை ஜாவாஸ்கிரிப்ட்டும் சொல்கின்றன. அவற்றைப் படித்துத் திரையில் வரைவது உலாவிக்குள் இருக்கும் எஞ்சின். இன்று பெருவழக்கில் இருப்பவை மூன்று. குரோம், எட்ஜ், ஓபெரா ஆகியவற்றில் பிளிங்க், சஃபாரியில் வெப்கிட், ஃபயர்பாக்ஸில் கெக்கோ. 2013இல் வெப்கிட்டிலிருந்து பிரிந்ததுதான் பிளிங்க். உறவு நெருக்கமானாலும் நடத்தை எல்லா இடத்திலும் ஒன்றல்ல.

முன்பு நிலைமை இன்னும் மோசம். 1990களின் பிற்பகுதியில் நெட்ஸ்கேப், இன்டர்நெட் எக்ஸ்புளோரர் ஆகிய உலாவிகள் போட்டி போட்டுக்கொண்டு தத்தமக்கென வசதிகளைச் சேர்த்தன. 600 பிக்சல் அகலப் பெட்டிக்குள் இருபுறமும் பத்துப் பத்துப் பிக்சல் இடைவெளி விடச் சொன்னால், சிஎஸ்எஸ் விதிப்படி மொத்த அகலம் 620. எக்ஸ்புளோரர் 5 அந்த இடைவெளியையும் 600க்குள்ளேயே அடக்கியது. ஸ்லைடு ஷோவின் அளவுகள் குலைய இது ஒன்றே போதும். நிரலில் படங்களின் பட்டியலை எழுதும்போது கடைசிப் படத்துக்குப் பின் ஒரு காற்புள்ளி அதிகமாகிவிட்டால், மற்ற உலாவிகள் அதைப் பொறுத்துக்கொண்டன. எக்ஸ்புளோரர் 7இல் பட்டியல் பிசகி, படக்காட்சி நின்றுபோகும்.

அந்த உலாவிக்கு 2022 ஜூனில் மைக்ரோசாஃப்ட் விடைகொடுத்துவிட்டது. ஆனாலும் சிக்கல்கள் தீரவில்லை. இன்றும் அடிக்கடி தலைகாட்டுவது நேரம் சார்ந்த பிழை. படம் வந்து சேரும் முன்பே நிரல் அதன் உயரத்தைக் கேட்கிறது. பூஜ்யம் என்று பதில் வருகிறது. ஸ்லைடு ஷோ சுருங்கிவிடுகிறது. வடிவமைத்தவரின் கணினியில் படம் ஏற்கெனவே கேஷில், அதாவது உலாவியின் தற்காலிகச் சேமிப்பில், இருப்பதால் உடனே வந்துவிடுகிறது. அவர் கண்ணில் பிழை படாததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு படத்துக்கும் அகலத்தையும் உயரத்தையும் எச்டிஎம்எல்லிலேயே எழுதிவிட்டால், படம் வரும் முன்பே உலாவி அதற்கு உரிய இடத்தை ஒதுக்கிவைக்கும்.

அடுத்தது படத்தின் வகை. கூகுள் 2010இல் வெளியிட்ட வெப்பி வகைப் படங்களை சஃபாரி ஏற்கத் தொடங்கியது 2020இல்தான். அதற்கு முந்தைய சஃபாரி உள்ள ஐபோன்களில் அந்த இடம் காலியாகவே தெரியும். புதிய வகையோடு ஜேபெக் படத்தையும் மாற்றாகக் கொடுத்தால், தனக்குத் தெரிந்ததை உலாவியே தேர்ந்துகொள்ளும்.

மூன்றாவது, வேறு டேபுக்குப் போய்த் திரும்பும்போது படங்கள் தாறுமாறாக ஓடுவது. மின்சாரத்தை மிச்சப்படுத்த, மறைந்திருக்கும் டேபில் உலாவிகள் டைமரை மெதுவாக்கி, அசைவுகளை நிறுத்திவைக்கின்றன. நிரலின் கணக்கு அங்கே பிசகுகிறது. பக்கம் கண்ணில் படாதபோது ஸ்லைடு ஷோவை நிறுத்தி, திரும்பியதும் தொடரச் செய்வதே சரியான வழி.

இவற்றுக்கெல்லாம் பலர் கையாளும் வைத்தியம், உலாவியின் பெயரைப் பார்த்து ஆளுக்கொரு ஒட்டுப் போடுவது. அது நிற்காது, அடுத்த பதிப்பிலேயே பிய்ந்துவிடும். பெயரைக் கேட்காமல், “இந்த வசதி உன்னிடம் உண்டா?” என்று நிரல் கேட்க வேண்டும். இல்லையென்றாலும் படங்கள் தெரிய வேண்டும். அசைவு மட்டும் போகட்டும். விரலால் தள்ளும் படங்களைச் சரியான இடத்தில் நிறுத்தும் ‘ஸ்க்ரோல் ஸ்நாப்’ வசதி இப்போது மூன்று எஞ்சின்களிலும் இருக்கிறது. அதற்கு ஜாவாஸ்கிரிப்ட் வேண்டியதே இல்லை. எளிய ஸ்லைடு ஷோவுக்கு அதுவே போதும்.

பார்வையாளரையும் மறக்கக் கூடாது. தானாகத் தொடங்கி 5 நொடிக்கு மேல் ஓடும் அசைவை நிறுத்தவோ மறைக்கவோ வழி இருக்க வேண்டும் என்கிறது, உலகளாவிய வலை அமைப்பின் அணுகல்தன்மை நெறிமுறை. அசைவைக் கண்டால் தலைசுற்றுபவர்களுக்கும், மெதுவாகப் படிப்பவர்களுக்கும் இது சலுகையல்ல, தேவை.

தளம் வைத்திருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். கேஷை அழித்துவிட்டு, குரோம், ஃபயர்பாக்ஸ், ஒரு ஐபோன் மூன்றிலும் உங்கள் முகப்பைத் திறந்து பாருங்கள். அதில் தேறிய பிறகே வடிவமைத்தவரின் வேலை முடிந்ததாக ஏற்றுக்கொள்ளுங்கள்.