இருநூறு மைல், ஒரு பகற்பொழுது

அமெரிக்க நாட்டின் டெக்சாஸ் மாநிலத்தில் ஹூஸ்டன் நகருக்கும் சான் அந்தோனியோ நகருக்கும் இடையே ஏறத்தாழ 200 மைல் தூரம். கிலோமீட்டர் கணக்கில் 320. சென்னையிலிருந்து திருச்சிக்குப் போவது போலத்தான். இரு நகரங்களையும் இணைப்பது பத்தாம் எண் நெடுஞ்சாலை. மூன்று மணி நேரத்தில் போய்விடலாம் என்று அங்குள்ள எவரைக் கேட்டாலும் சொல்வர். அதில் பொய்யில்லை. ஆயினும் அந்த மூன்று மணி நேரக் கணக்கை நம்பி, எண்பத்தொரு வயது நிரம்பிய எம் அன்னையாரை ஒரு ஜூலை மாதத்தில் அழைத்துச் சென்று நாம் பட்ட பாடு கொஞ்சமன்று. அதே வழியில் அக்டோபரில் வேறு விதமாகச் சென்று வந்தோம். வாசகர்களில் பலருடைய பிள்ளைகள் இன்று அத்தகைய ஊர்களில் குடியிருக்கிறார்கள். பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் அவர்களிடம் சென்று சில மாதங்கள் தங்கி வருகிறார்கள். அவர்களுக்கு உதவட்டும் என்றே இரு பயணங்களையும் இங்கு எழுதுகிறோம்.

அன்னையாருக்குப் பதுவைப் புனிதரிடம் அளவற்ற பக்தி. செவ்வாய்க்கிழமை தவறாமல் அந்தோணியார் கோவிலுக்குப் போய்ப் பழகியவர். அவர் பெயரைத் தாங்கிய நகரம் அருகிலேயே இருக்கிறது என்று பேரன் சொன்ன நாள் முதல் அதைப் பார்க்கவேண்டும் என்ற ஆவல் அவரை விடவில்லை. 1691ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், அதாவது புனிதரின் திருநாளன்று, ஸ்பானியர் அவ்விடத்தை அடைந்து அங்குள்ள ஆற்றுக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1718இல் அங்கு மறைபரப்பு மடமும் கோட்டையும் அமைந்தன. இத்தனையும் பேரன் சொல்லச் சொல்ல, மூதாட்டியின் கண்கள் விரிந்தன.

எம் மகனுக்கு வெள்ளிக்கிழமை மட்டுமே முன்னதாக அலுவலகத்திலிருந்து வர இயன்றது. மாலை 4 மணி கடந்து காரில் ஏறினோம். முதற்பிழை அதுவே. நகரை விட்டு மேற்கே செல்லும் பகுதியில் பத்தாம் எண் சாலை உலகின் மிக அகன்ற சாலைகளுள் ஒன்று. பக்கச் சாலைகளையும் சேர்த்தால் சில இடங்களில் 26 தடங்கள் உண்டென்பர். அத்தனை தடங்களிலும் வீடு திரும்புவோரின் கார்கள் ஊர்ந்துகொண்டிருந்தன. நகர எல்லையைக் கடக்கவே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு வழி திறந்தது. ஆனால் மேற்கே சரிந்த ஞாயிறு நேர் எதிரே கண்ணாடியில் நின்றது. மகன் கண்ணை இடுக்கிக்கொண்டு ஓட்டினான். இழந்த நேரத்தை ஈடுசெய்யும் எண்ணத்தில் எங்கும் நிறுத்தவில்லை. "யாருக்காவது இறங்கவேண்டுமா?" என்று ஒருமுறை கேட்டான். "எனக்கு ஒன்றும் வேண்டாம், ஐயா. நீ போ" என்றார் அன்னையார். நாமும் அதை அப்படியே நம்பினோம்.

இரவு எட்டரை மணிக்கு விடுதி வாசலில் கார் நின்றது. அன்னையார் ஒரு காலை ஊன்றினார்; மறு கால் வரவில்லை. தள்ளாடி அங்கேயே நடைபாதையில் அமர்ந்துவிட்டார். இரு பாதங்களும் வீங்கி, செருப்பின் வார் தோலில் பதிந்திருந்தது. நாவு உலர்ந்து பேச்சுக் குழறியது. அன்றிரவும் மறுநாள் முழுவதும் கட்டிலிலேயே கிடந்தார். ஞாயிறன்று வந்த வழியே திரும்பினோம். எந்த நகரைக் காணச் சென்றாரோ, அதில் அவர் கண்டது விடுதி அறையின் திரைச்சீலையை மட்டுமே.

ஒரு வாரம் கழித்து, எம் மனைவி அருகிலிருந்து தலை வாரிக்கொண்டிருந்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இரத்த அழுத்தத்திற்காக அன்னையார் நாள்தோறும் காலையில் நீர் மாத்திரை ஒன்று உட்கொள்பவர். வழியில் அடிக்கடி இறங்கவேண்டி நேருமே, பேரனுக்குத் தொல்லையாகுமே என்றெண்ணி அன்று அதை உட்கொள்ளவில்லை. காலை காப்பிக்குப்பின் ஒரு மடக்குத் தண்ணீரும் குடிக்கவில்லை. "பெரிய சாலை, எல்லோரும் பறக்கிறார்கள். கிழவி ஒருத்திக்காக வண்டியை நிறுத்தச் சொல்வதா?" என்பது அவர் சொன்ன காரணம். இனி எங்கும் வரப்போவதில்லை, நீங்கள் போய் வாருங்கள் என்றும் சொல்லிவிட்டார்.

நம் குடும்பங்களில் முதியோர், அதிலும் பெண்கள், பேருந்துப் பயணமென்றால் முந்தின நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்வது நாம் அறியாததன்று. வழியில் ஒதுங்க இடமில்லாத ஊர்களில் பழகிய பழக்கம் அது. ஐந்து மைலுக்கு ஒரு தூய கழிவறை இருக்கும் நாட்டிலும் அது உடன் வந்துவிடுகிறது. "வேண்டுமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றே விடை வரும். ஆகவே கேட்கவே கூடாது, நிறுத்தவேண்டும். இதை நாம் உணர ஒரு ஜூலை மாதம் வீணாயிற்று.

வேகத்தைப் பற்றியும் அப்போதுதான் உட்கார்ந்து கணக்கிட்டுப் பார்த்தோம். நகருக்கு வெளியே அச்சாலையில் மணிக்கு 75 மைல் வரை செல்லலாம். 200 மைலையும் 75இல் ஓட்டினால் 2 மணி 40 நிமிடம். 65இல் ஓட்டினால் 3 மணி 5 நிமிடம். வேறுபாடு 25 நிமிடமே! அந்த 25 நிமிடத்திற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சரக்கு லாரிகளை முந்தத்தான் வேண்டுமா? இடப்புறத் தடத்தை முந்துவோருக்கு விட்டு, வலப்புறத்தில் நிதானமாகச் செல்வோரை அங்கே எவரும் ஏசுவதில்லை. சாலைப் பணி நடக்கும் இடங்களில் வேகம் தாமாகவே குறையும். பணியாளர் நிற்கையில் விதி மீறினால் தண்டம் இருமடங்கு.

அக்டோபர் பயணத்தை முழுவதும் அன்னையாரின் உடலை அளவுகோலாக வைத்தே திட்டமிட்டோம். முதலில் ஊரிலுள்ள அவருடைய மருத்துவரிடம் தொலைபேசியில் கேட்டோம். மாத்திரையை நிறுத்தக்கூடாது, பயணநாளில் விடியுமுன் 5 மணிக்கே கொடுங்கள், தண்ணீரையும் குறைக்கவேண்டாம் என்றார். அது அவருக்கென்று சொன்ன முறை. மற்றவர்கள் தத்தம் மருத்துவரையே கேட்கவேண்டும். ஒன்றரை மணி நேரத்திற்குமேல் ஒரே இருக்கையில் அமர விடவேண்டாம், இறங்கிச் சில நிமிடம் நடக்கட்டும், உட்கார்ந்திருக்கும்போதும் கணுக்காலை மேலும் கீழும் அசைக்கட்டும் என்பது அவரது அடுத்த அறிவுரை. நீண்ட நேரம் கால் தொங்க அமர்ந்திருப்போருக்குக் கால் நரம்புகளில் இரத்தம் உறைந்துபோகும் ஆபத்து உண்டு.

நிறுத்தங்களைக் குறிப்பது அச்சாலையில் மிக எளிது. நெடுஞ்சாலையை விட்டு இறங்கும் ஒவ்வொரு வழிக்கும் ஓர் எண் உண்டு; அது மாநிலத்தின் மேற்கெல்லையிலிருந்து எண்ணிய மைல் கணக்கு. டெக்சாஸ் மாநிலத்திற்குள் மட்டும் இச்சாலை ஏறத்தாழ 880 மைல் நீள்கிறது. ஹூஸ்டன் நடுநகரில் எண் 770ஐ நெருங்கும், கொலம்பஸ் 696, ஷூலன்பர்க் 674, லூலிங் 632, சான் அந்தோனியோ நடுநகர் 570ஐ ஒட்டி. ஓர் எண்ணிலிருந்து மற்றதைக் கழித்தால் தூரம் வந்துவிடும். மகன் இவற்றை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிப் பாட்டியின் கையிலேயே கொடுத்தான். "அப்பாயி, பலகையில் எண்ணைப் பார்த்துக்கொண்டே வாருங்கள். 696 வந்ததும் நீங்கள்தான் சொல்லவேண்டும்" என்றான். அவர் வரவே மாட்டேன் என்றிருந்த மனநிலை அந்தத் தாளைக் கையில் வாங்கியபோதுதான் தளர்ந்தது.

புறப்படும் வேளையையும் மாற்றினோம். சனிக்கிழமை, காலை 8 மணி. அலுவலக நெரிசல் இல்லை. மேற்கு நோக்கிச் செல்வோருக்குக் காலைக் கதிரவன் முதுகுப்புறம் இருப்பான். பிற்பகலில் கிழக்கே திரும்பும்போதும் முதுகுப்புறமே. அக்டோபரில் அவன் தெற்கே சாய்ந்திருப்பதால் காரின் இடப்பக்கத்தில்தான் வெயில் விழும். எனவே அன்னையாரைப் பின்னிருக்கையில் வலப்பக்கம் அமர்த்தினோம். டயரின் காற்று, பெட்ரோல், தண்ணீர்ப் புட்டிகள் ஆகியவற்றை முந்தின இரவே பார்த்தாயிற்று. பின்னிருக்கையில் இருப்போரும் இடுப்பு வார் அணிந்தாகவேண்டும் என்பது அங்குச் சட்டம்.

குழந்தைகளுடன் செல்வோருக்கு இங்கே ஒரு சொல். நிறுத்திய காரில், "ஒரு நிமிடந்தானே" என்று குழந்தையையோ முதியவரையோ விட்டுச் செல்லலாகாது. மூடிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 20 பாரன்ஹீட் அளவு ஏறிவிடும். காருக்குள் வெந்து மடிந்த குழந்தைகளின் எண்ணிக்கையில் அமெரிக்க மாநிலங்களுள் டெக்சாஸ் முதலிடத்தில் நிற்கிறது.

9 மணி 10 நிமிடத்திற்கு, "696!" என்ற குரல் பின்னிருந்து எழுந்தது. கொலம்பஸ் சிற்றூரில் இருபது நிமிடம். எவரும் எவரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லோரும் இறங்கினோம், எல்லோரும் கழிவறை சென்றோம், எல்லோரும் தண்ணீர் குடித்தோம். அவ்வூரை வளைத்து ஓடும் ஆற்றின் பெயர் கொலராடோ. பெரும் பள்ளத்தாக்கைக் குடைந்த புகழ்பெற்ற கொலராடோ வேறு. இது டெக்சாசுக்குள்ளேயே பிறந்து கடலில் கலப்பது.

அடுத்து ஷூலன்பர்க். அந்த வட்டாரத்தில் 19ஆம் நூற்றாண்டில் குடியேறியவர்கள் செக் நாட்டவரும் ஜெர்மானியரும். அவர்கள் கொண்டுவந்த 'கொலாச்சி' என்ற ரொட்டி, நடுவே பழக்கூழ் வைத்த மெத்தென்ற சிறு பன், இன்றும் அங்குள்ள அடுமனைகளில் காலையில் சூடாகக் கிடைக்கிறது. பல்லில்லாதவர்களுக்கு இதைவிட ஏற்ற சிற்றுண்டி நாம் அறியோம்.

அங்கிருந்து ஏறத்தாழ மூன்று மைல் தொலைவில், வயல்களுக்கு நடுவே ஹை ஹில் என்ற சிற்றூரில் கன்னிமரியின் பிறப்பு ஆலயம் நிற்கிறது. 1906இல் கட்டப்பட்ட செங்கல் ஆலயம். 1912இல் உட்புறம் முழுவதும் வண்ணம் தீட்டினர். சலவைக்கல் என்று நாம் தொட்டுப் பார்த்த தூண்கள் மரத்தாலானவை. விட்டங்களிலும் வளைவுகளிலும் கொடியும் மலரும். இவ்வட்டாரத்தில் டுபினா, அம்மான்ஸ்வில், பிராகா ஆகிய ஊர்களிலும் இத்தகைய வண்ண ஆலயங்கள் உள்ளன. நான்கையும் பார்க்க அரைநாள் வேண்டும், நாம் ஒன்றோடு நிறுத்திக்கொண்டோம். இவை காட்சிக்கூடங்களல்ல, மக்கள் வழிபடும் ஆலயங்கள் என்பதை நினைவிற்கொண்டு திருப்பலி வேளையைத் தவிர்த்துச் செல்வது முறை. மழை நாளில் இந்தக் கிராமச் சாலைகளில் எச்சரிக்கை தேவை. தாழ்ந்த பாலத்தின்மேல் நீர் ஓடினால், ஆழம் பார்க்காமல் திரும்பிவிடவேண்டும்.

அன்னையார் முன்வரிசையில் அமர்ந்து அரைமணி நேரம் செபமாலை சொன்னார். அவசரப்படுத்த எவருக்கும் மனம் வரவில்லை. எந்த ஊரிலோ பிழைக்கப் போன ஏழை உழவர்கள், தாங்கள் விட்டு வந்த ஊர்க் கோவிலை வண்ணத்தால் வரைந்து வைத்துக்கொண்டார்கள் என்று மகன் விளக்கினான். "நீயும் இங்கே அப்படித்தானே இருக்கிறாய்?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்தார். அவன் பதில் சொல்லவில்லை.

நண்பகலில் லூலிங். 2024இல் அங்கே திறக்கப்பட்ட 'பக்கீஸ்' என்னும் கடை 75,000 சதுர அடிக்கு மேற்பட்டது. 120 பெட்ரோல் குழாய்கள். அந்நிறுவனத்திற்குப் பெயர் வாங்கித் தந்தவை அதன் தூய கழிவறைகளே. பெரிய லாரிகளுக்கு அங்கே இடமில்லை. கூட்டமும் விளக்கொளியும் நமக்குச் சற்று மயக்கத்தைத் தந்தன என்பதை மறைப்பதற்கில்லை. எனவே கட்டிக்கொண்டு போன எலுமிச்சைச் சோற்றைக் காரருகே உண்டோம். அன்னையாரோ கழிவறையைப் பார்த்துவிட்டு வந்து, "நம் வீட்டுச் சமையலறைகூட இவ்வளவு சுத்தமில்லை" என்று எம் மனைவியின் முகத்துக்கு நேரே சொன்னார்.

பிற்பகல் 2 மணி சுமாருக்குச் சான் அந்தோனியோவை அடைந்தோம். ஆறு மணி நேரம். அதில் கார் ஓடியது பாதியளவே. அன்னையார் தாமே கதவைத் திறந்து இறங்கினார். செருப்பு பாதத்தில் தளர்ந்தே இருந்தது. சிறிது ஓய்வுக்குப்பின் கன்செப்சியோன் மறைபரப்பு ஆலயத்திற்குச் சென்றோம். 1755இல் அருட்பொழிவு பெற்ற கற்கோவில் அது. 2015இல் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஐந்தனுள் ஒன்று; இன்றும் ஒரு பங்கின் ஆலயம். தடித்த சுவரின் குளிர்ச்சியில் கையை வைத்தபடி அவர் நெடுநேரம் நின்றார். ஊர் பெயர் பெற்ற கதையை இம்முறை அவரே எங்களுக்குச் சொன்னார், ஆண்டும் தேதியும் பிசகாமல்.

ஞாயிறு பிற்பகல் திரும்பினோம். வெயில் முதுகுப்புறம் விழுந்தது. லூலிங்கிற்கு இன்னும் பத்து மைல் இருக்கும்போது பின்னிருக்கையிலிருந்து தாள் மடிக்கும் ஓசை கேட்டது.

"ஐயா, 632 வரைக்கும் பொறுக்க முடியாது. அடுத்த பலகை எதுவோ, அதிலேயே நிறுத்து" என்றார் அன்னையார்.