ஸ்கோர் பலகையில் இல்லாத பெயர்



கிரிக்கெட் போட்டி முடிந்த மறுநாள் பேப்பரில் ஸ்கோர் விவரம் வருமே, அதை உற்றுப் பார்த்ததுண்டா? யார் எத்தனை ரன், யாருக்கு எத்தனை விக்கெட் என்று எல்லாம் இருக்கும். வைடு, நோ-பால் போட்டுக் கொடுத்த உதிரி ரன்களுக்குக்கூட ஒரு வரி உண்டு. ஆனால், அந்த அணியைத் தயார் செய்தவருக்கு ஒரு வரியும் கிடையாது. அவர்தான் மேலாளர். இப்போது பயிற்சியாளர் என்கிறோம். நம் இந்திய அணிக்கு அப்படி வந்தவர்களைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். கடைசியில் நம்ம சேலம் மாவட்டத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதுவரை பொறுமையாக வாருங்கள்.

முதலில், அந்தக் காலத்து மேனேஜர் என்ன செய்தார்? நாமக்கல் லாரி ஒன்று வடக்கே கிளம்புகிறது என்று வையுங்கள். வண்டியை ஓட்டுகிறவர் டிரைவர். லோடு ஏற்றி, காகிதமெல்லாம் சரிபார்த்து, டீசலுக்குப் பணம் கொடுத்து அனுப்புகிறவர் டிரான்ஸ்போர்ட் ஆபீசில் இருப்பார். கிரிக்கெட் மேனேஜரும் அப்படித்தான். பெட்டி, டிக்கெட், ஹோட்டல் அறை, சாப்பாடு, செலவுக் கணக்கு, இவைதான் அவர் வேலை. 1983-ல் கபில்தேவ் தலைமையில் நாம் உலகக் கோப்பையை வென்றோம் அல்லவா? அந்த அணியுடன் இங்கிலாந்து போனது ஒரே ஒரு மேனேஜர், ஐதராபாத்தைச் சேர்ந்த பி.ஆர். மான்சிங். பயிற்சியாளர் இல்லை, டாக்டர் இல்லை, தசைப்பிடிப்பு வந்தால் பார்க்கிறவரும் இல்லை. இன்றைய அணியுடன் போகிற உதவியாளர் பட்டாளத்தைப் பார்த்தால் மான்சிங்குக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்!

எல்லாரும் அப்படிக் கணக்கு மட்டும் பார்த்தவர்கள் இல்லை. 1971-ல் இங்கிலாந்துக்கு மேனேஜராகப் போன ஹேமு அதிகாரி ராணுவத்தில் இருந்தவர். ஃபீல்டிங் விஷயத்தில் மிகவும் கண்டிப்பு. அந்தத் தொடரில்தான் இங்கிலாந்து மண்ணில் முதல் முறையாக நாம் டெஸ்ட் தொடரை வென்றோம். அப்போது கேப்டன் அஜித் வடேகர்.

கண்டிப்பு என்றதும் பிஷன்சிங் பேடி ஞாபகம் வருகிறது. 1990-ல் நியூசிலாந்தில் நம் அணி மோசமாகத் தோற்றது. கோபத்தில், இந்த அணியை அப்படியே பசிபிக் கடலில் தள்ளிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார் மேனேஜர் பேடி! அது பெரிய செய்தியாகிவிட்டது. உங்கள் பி.டி. சார் திட்டுவதெல்லாம் எவ்வளவோ மேல், இல்லையா?

1992-ல் அதே வடேகர் மேலாளராக வந்தார். 1994 மார்ச் 27. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரம். தொடக்க ஆட்டக்காரர் சித்துவுக்குக் கழுத்துப் பிடிப்பு. தலையைத் திருப்ப முடியவில்லை. அப்போது 20 வயதுப் பையன் ஒருவன் கேப்டன் அசாருதீனிடமும் வடேகரிடமும் போய், தன்னை முதலில் இறக்கச் சொல்லிக் கேட்டான். இந்த ஒருமுறை வாய்ப்புக் கொடுங்கள், சரியாக ஆடாவிட்டால் இனி கேட்கவே மாட்டேன் என்றான். 'சின்னப் பையன், சும்மா இரு' என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பையன் 49 பந்தில் 82 ரன் அடித்தான். அவன்தான் சச்சின் டெண்டுல்கர். ஒருநாள் போட்டிகளில் அவர் அடித்த 49 சதங்களில் 45 சதம் தொடக்க ஆட்டக்காரராக இறங்கி அடித்தவை. அன்று வடேகர் தலையை ஆட்டாமல் போயிருந்தால்?

2000-ம் ஆண்டு, முதல் முறையாக வெளிநாட்டுக்காரர் ஒருவர் பயிற்சியாளராக வந்தார். நியூசிலாந்தின் ஜான் ரைட். அடுத்த ஆண்டு மார்ச்சில் கொல்கத்தா டெஸ்ட். எதிரே, தொடர்ந்து 16 டெஸ்டுகளில் வென்றிருந்த ஆஸ்திரேலியா. நாம் முதல் இன்னிங்சில் 171 ரன்னுக்குச் சுருண்டோம். மறுபடியும் நாமே ஆட வேண்டிய 'பாலோ-ஆன்' நிலை. கடைசியாக அவுட்டாகி 59 ரன்னோடு திரும்பிய லட்சுமண், காலில் கட்டியிருந்த பேடைக் கழற்றப் போனார். 'கழற்ற வேண்டாம், அடுத்த இன்னிங்சில் மூன்றாவதாக இறங்கு' என்று தடுத்தார் ரைட். முதல் இன்னிங்சில் ஆறாவதாக இறங்கியவர் லட்சுமண். இப்போது அந்த ஆறாம் இடத்துக்கு டிராவிட் போனார். லட்சுமண் 281, டிராவிட் 180. ஆஸ்திரேலியாவை 171 ரன் வித்தியாசத்தில் தோற்கடித்தோம். கிரிக்கெட்டில் எனக்கு மிகவும் பிடித்த கட்டளை அந்த 'பேடைக் கழற்றாதே'தான்!

நன்றாக ஆடியவர்தான் நன்றாகச் சொல்லிக் கொடுப்பார் என்று நினைக்கிறீர்களா? வகுப்பில் முதல் மார்க் வாங்கியவர் எல்லாம் நல்ல வாத்தியார் ஆகிவிடுகிறாரா, என்ன! கபில்தேவ் எப்பேர்ப்பட்ட வீரர்! பயிற்சியாளராக ஓராண்டுதான் இருந்தார். ஆஸ்திரேலியாவின் கிரேக் சேப்பல் பேட்டிங்கில் மன்னர். 2005-ல் நமக்குப் பயிற்சியாளராக வந்தார். கேப்டன் கங்குலியோடு மோதல். மூத்த வீரர்கள் பலரோடும் மனக்கசப்பு. 2007 உலகக் கோப்பையில் முதல் சுற்றிலேயே வெளியேறினோம். சேப்பலும் விலகினார். ஒரே இன்னிங்சில் பத்து விக்கெட்டும் எடுத்த கும்ப்ளேகூட, கேப்டன் கோலியோடு ஒத்துப்போகாமல் 2017-ல் ஓராண்டிலேயே விலக நேர்ந்தது. இதில் யார் பக்கம் நியாயம் என்று இன்றைக்கும் பெரியவர்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

சேப்பல் போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. நிரந்தரப் பயிற்சியாளரே இல்லை. எழுபது வயதைத் தாண்டிய சந்து போர்டே என்ற பழைய வீரரை மேலாளராக்கி இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். டெஸ்ட் தொடரை வென்று வந்தார்கள். அடுத்து லால்சந்த் ராஜ்புத்தை மேலாளராக்கி, தோனி தலைமையில் இளைஞர்களை முதல் டி20 உலகக் கோப்பைக்கு அனுப்பினார்கள். அதையும் வென்றார்கள்!

2008-ல் வந்தார் தென்னாப்பிரிக்காவின் கேரி கிர்ஸ்டன். அதிகம் பேச மாட்டார். வலைப்பயிற்சியில் நம் வீரர்களுக்கு மணிக்கணக்கில் தானே பந்து எறிவார். 2011 உலகக் கோப்பைக்கு முன்பு, பெங்களூருவில் விமானப் பயிற்சிப் பள்ளி ஒன்றைப் பார்க்க அணியே கிளம்பியது. அன்று காலை, வெளிநாட்டவர்களான கிர்ஸ்டனுக்கும் அவருடைய உதவியாளர்கள் இருவருக்கும் உள்ளே அனுமதி இல்லை என்று தகவல் வந்தது. தோனி என்ன செய்தார் தெரியுமா? 'இவர்கள் எங்கள் ஆட்கள்' என்று சொல்லி, மொத்தப் பயணத்தையும் ரத்து செய்துவிட்டார். இதைக் கிர்ஸ்டனே பிற்பாடு சொல்லியிருக்கிறார். 2011 ஏப்ரல் 2 அன்று மும்பையில் நாம் கோப்பையை வென்றோம்.

முதல் சுற்றில் வெளியேறிய 2007 உலகக் கோப்பை வெஸ்ட் இண்டீசில் நடந்தது. அன்றைய கேப்டன் ராகுல் டிராவிட். அதே வெஸ்ட் இண்டீசில், பார்படாஸ் தீவில், 2024 ஜூன் 29 அன்று இந்தியா டி20 உலகக் கோப்பையை வென்றபோது பயிற்சியாளராக இருந்தவரும் அவரே. பதினேழு ஆண்டு! பரிசுத் தொகையில் தனக்கு 5 கோடி ரூபாய் என்றதும், மற்றப் பயிற்சியாளர்களைப் போலவே எனக்கும் இரண்டரைக் கோடி போதும் என்று அவர் சொன்னதாகப் பேப்பர்களில் படித்தோம். அவருக்குப் பின் கவுதம் கம்பீர் வந்தார்.

இந்தப் பொறுப்பில் யாரும் நிலையாக இருப்பதில்லை, பார்த்தீர்களா? அமெரிக்காவில் பேஸ்பால் என்று ஒரு விளையாட்டு உண்டு. அதில் பயிற்சியாளரைத்தான் மேனேஜர் என்பார்கள். பிலடெல்பியா அணிக்கு 1901 முதல் 1950 வரை ஒரே மேனேஜர், கானி மேக்! நம் ஊரில் அத்தனை பொறுமை ஏது?

இனி, முதலில் சொன்ன நம்ம ஊர்ச் சங்கதி. 2020-ல் பயிற்சியாளர் ரவி சாஸ்திரி. ஆஸ்திரேலியா போன அணியோடு, வலையில் பந்து போட்டுக் கொடுப்பதற்கென்று ஓர் இடதுகைப் பந்து வீச்சாளரும் போனார். சின்னப்பம்பட்டி நடராஜன். தறி நெய்கிற தொழிலாளி வீட்டுப் பிள்ளை. ஊரில் டென்னிஸ் பந்தில் ஆடியவர்.

டிசம்பர் 19, அடிலெய்டு டெஸ்ட். 36 ரன்னுக்கு ஆல் அவுட்! ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. கேப்டன் கோலி, குழந்தை பிறக்கப் போகிறது என்று ஊர் திரும்பினார். திட்டுவதற்கு இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? சாஸ்திரி திட்டவில்லை. இந்த 36-ஐ ஒளிக்க வேண்டாம், சட்டையில் பேட்ஜ் மாதிரிக் குத்திக்கொள்ளுங்கள் என்றாராம். அடுத்த டெஸ்டை மெல்போர்னில் வென்றார்கள். சிட்னியில் டிரா. ஆனால், ஒருவர் பின் ஒருவராக வீரர்களுக்குக் காயம். பிரிஸ்பேனில் நடக்கும் கடைசி டெஸ்டுக்குப் பந்து வீச ஆள் பற்றாக்குறை. அங்கே 1988-க்குப் பிறகு ஆஸ்திரேலியா தோற்றதே இல்லை.

சாஸ்திரியும், பந்துவீச்சுப் பயிற்சியாளர் பரத் அருணும், கேப்டன் ரஹானேயும் தேர்ந்தெடுத்த பதினொரு பேரில் வலையில் பந்து போடப் போன நடராஜனும் ஒருவர். முதல் இன்னிங்சிலேயே 3 விக்கெட். அந்த ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் அறிமுகமான முதல் இந்தியர் ஆனார். 2021 ஜனவரி 19 அன்று 328 ரன் இலக்கை எட்டி இந்தியா வென்றது. ரஹானே கோப்பையை வாங்கி, நேராக நடராஜன் கையில் கொடுத்தார். இரண்டு நாள் கழித்துச் சின்னப்பம்பட்டியில் சாரட்டு வண்டியில் ஊர்வலம்!

ஐ.பி.எல். ஆட்டத்தில் அவர் பனியனின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? 'ஜேபி நட்டு' என்று போட்டிருப்பார். ஜேபி என்பது அப்பா பெயர் இல்லை. ஊரில் அவரை முதன்முதலில் கண்டுபிடித்துத் தூக்கிவிட்ட ஜெயப்பிரகாஷ் அண்ணனின் பெயர். 2023 ஜூனில் சின்னப்பம்பட்டியிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார் நடராஜன், சுற்றுவட்டாரப் பிள்ளைகள் வந்து ஆடுவதற்காக.