எண்ணெய் குடித்த தரை

1969-இல் வடசென்னையை ஒட்டிய மணலியில் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓடத் தொடங்கியபோது அதன் கொள்ளளவு ஆண்டுக்கு 25 லட்சம் டன். இன்று சென்னை பெட்ரோலியம் என்ற பெயரில் அதே ஆலை 105 லட்சம் டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது. அதைச் சுற்றி உரத் தொழிற்சாலை, பெட்ரோகெமிக்கல் ஆலைகள், பின்னாளில் எண்ணூர்த் துறைமுகம், கன்டெய்னர் யார்டு, டிரெய்லர் வரிசை என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஆலையில் வேலை பழகியவர்கள் சிலர் வீட்டு முன்பக்கத்திலேயே ஒரு லேத்தைப் போட்டுப் பட்டறை நடத்தினார்கள். அந்தப் பட்டறைகளின் தரையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அன்று வீட்டுக்குள் சிவப்பு ஆக்சைடு தரை, பட்டறையில் சாம்பல் சிமெண்டுத் தரை. கொஞ்சம் வசதி இருந்தால் மேல்பூச்சில் இரும்புத்தூள் கலந்த அயர்னைட். ஜல்லி கான்கிரீட் இறுகும் முன்பே மேலே சிமெண்டைத் தூவி, முதலில் மணியாசுக்கட்டையாலும் பிறகு இரும்புக் கரண்டியாலும் இழைத்து இழைத்துக் கொத்தனார் பளபளப்பு ஏற்றுவார். ஆக்சைடு என்றால் இன்னொரு கவனம் வேண்டும். ஓர் அறைக்கு வேண்டிய பொடியையும் சிமெண்டையும் ஒரே தடவையில் சலித்துக் கலந்துவிட வேண்டும். பாதியில் தீர்ந்து மறுபடி கலந்தால் நிறம் கோடு கட்டிவிடும். வேலை முடிந்ததும் பாத்தி கட்டி ஒரு வாரம் தண்ணீர் நிறுத்துவார்கள். செலவில் பெரும்பகுதி கூலி, பொருள் கொஞ்சம்தான்.

அந்தத் தரை எதையும் தடுக்கவில்லை, எல்லாவற்றையும் குடித்தது. லேத்திலிருந்து தெறிக்கும் கூலன்ட், கியர்பாக்ஸ் கழற்றும்போது கொட்டும் ஆயில், கிரீஸ் எல்லாம் உள்ளே இறங்கின. மேலே மரத்தூளைக் கொட்டி, காலால் தேய்த்துப் பெருக்கினால் அன்றைய சுத்தம் முடிந்தது. சில வருடங்களில் தரை கறுத்து ஒருவித மினுமினுப்புக்கு வந்துவிடும். சம்மட்டி விழுந்து குழி விழுந்தால் ஒரு சட்டி கலவையில் பேட்ச் போட்டுவிடுவார்கள். அந்த ஒட்டு வேறு நிறமாக இருப்பது யார் கண்ணையும் உறுத்தாது. ஆனால் அதன் குறைகளை மறந்துவிட்டு ஏங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. எவ்வளவு பெருக்கினாலும் சிமெண்டுத்தூள் கிளம்பிக்கொண்டே இருக்கும். மழைக்காலத்தில் எண்ணெய் மேல் ஈரம் படிந்து ஆளை வழுக்கிவிடும். குடித்த எண்ணெய் எங்கே போகிறது என்று யாரும் கேட்கவில்லை.

இன்று வீட்டின் கார் நிறுத்தும் போர்ட்டிகோவில் சொரசொரப்பான பார்க்கிங் டைல்ஸ். டிரெய்லர் ரிப்பேர் நடக்கும் பெரிய ஷெட்டுகளில், அதிகப்படி நீரை உறிஞ்சி எடுத்து இறுக்கும் டிரைமிக்ஸ் கான்கிரீட். உதிரிபாகம் செய்துகொடுக்கும் சிறு பட்டறைகளில் பச்சையோ சாம்பலோ எபாக்சி பிசின் பூச்சு. பெரிய கம்பெனிக்கு வேலை செய்தால் அங்கிருந்து வருபவர்கள் முதலில் தரையைத்தான் பார்க்கிறார்கள். தவறி விழுந்த திருகாணி உடனே கண்ணில் படுகிறது, கொட்டிய ஆயிலைத் துணியால் வழித்தெடுக்கலாம், ஒரே ட்யூப்லைட்டில் பட்டறை வெளிச்சமாக இருக்கிறது. இது உண்மையான லாபம்.

எபாக்சிக்கும் மணலிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அந்தப் பிசினின் முக்கிய மூலப்பொருள்களில் ஒன்றான எபிகுளோரோஹைட்ரின், புரொப்பிலீனும் குளோரினும் சேர்ந்து பிறப்பது. தொண்ணூறுகளில் அதை இங்கே தமிழ்நாடு பெட்ரோபிராடக்ட்ஸ் தயாரித்தது. அதைக் கொண்டு பிசின் செய்ய பெட்ரோ அரால்டைட் என்ற கூட்டு நிறுவனமும் மணலியிலேயே எழுந்தது. மலிவான இறக்குமதியோடு போட்டியிட முடியாமல் எபிகுளோரோஹைட்ரின் உற்பத்தி பின்னர் நின்றுபோனது. ஊரில் அந்த மூலப்பொருள் தயாரானபோது ஊர்ப் பட்டறைகளில் சிமெண்டுத் தரை. பட்டறைகளுக்கு எபாக்சி வந்தபோது அந்த உற்பத்தி இல்லை.

பழைய தரைக்குக் கொத்தனாரின் கை போதும். புதிய தரை, டின்னைத் திறப்பதற்கு முன்பே பல கேள்விகள் கேட்கிறது. கான்கிரீட் போட்டு 28 நாளாவது ஆகியிருக்க வேண்டும். மேல்பரப்பை வைரக்கல் மெஷினால் அரைத்துப் பூச்சு பிடிக்கும்படி சொரசொரப்பாக்க வேண்டும். பழைய பட்டறை என்றால் தரையில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்தாக உருண்டு நின்றால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. அதன்மேல் எந்தக் கம்பெனிப் பூச்சும் நிற்காது. பெயின்ட் போல உருட்டும் எபாக்சி ஒரு மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான் இருக்கும். தானே பரவிச் சமனாகும் வகை 2 முதல் 3 மில்லிமீட்டர். விலைப்பட்டியலில் இரண்டுக்கும் எபாக்சி என்றே பெயர் இருப்பதால் ஏமாறுபவர்கள் அதிகம்.

மணலியில் இவற்றைவிடப் பெரிய விஷயம் அடியில் இருக்கும் தண்ணீர். கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் அருகே ஓடும் தாழ்நிலம் இது. சாலை போடப் போட உயர்ந்து, பழைய வீடுகள் பள்ளத்தில் நிற்கின்றன. ஒரு முழ அகல பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டித் தரையில் விட்டுவைத்தால் மறுநாள் தாளின் அடியில் வியர்வை போல நீர் கோத்திருக்கும். பழைய சிமெண்டுத் தரையில் இந்த ஈரம் ஓசையில்லாமல் ஆவியாகிப் போனது. எபாக்சி அதை அடைத்துவிடுகிறது. அழுத்தம் கூடி, பூச்சு கொப்புளித்து அப்பளமாகப் பெயர்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய வீடுகளுக்குள் புகுந்ததே, அப்படி நாள்கணக்கில் நீர் தேங்கினால் பூச்சின் ஓரங்கள்தான் முதலில் விடும்.

வெயிலும் சும்மா இருப்பதில்லை. கோடையில் எபாக்சியும் ஹார்டனரும் கலந்த வாளி கையிலேயே சூடேறி இறுகத் தொடங்கும். அரைமணி நேரத்தில் பரப்பி முடிக்க வேண்டும். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் மேலே பால்போல ஒரு படலம் படியும். கடலோரத்தில் அது அபூர்வமில்லை. வெயில் நேரே விழும் போர்ட்டிகோவில் எபாக்சி மஞ்சளாகிவிடும் என்பதால் அதன்மேல் பாலியூரிதேன் பூச்சு தேவை. பாலியூரிதேனுக்கு வேண்டிய பாலியோல் வகைகளை மணலி பெட்ரோகெமிக்கல்ஸ் இன்றும் செய்கிறது. 

ஆகவே புதிதாகக் கட்டுபவர் பூச்சைப் பற்றி யோசிக்கும் முன், கான்கிரீட்டுக்கு அடியில் கெட்டியான பாலிதீன் தாள் விரிக்கச் சொல்வது நல்லது. அந்தச் செலவு சொற்பம், பின்னால் செய்யவும் முடியாது. தாள் இல்லாத பழைய தரைக்கு என் ஓட்டு எபாக்சிக்கு இல்லை. அரைத்துச் சுத்தம் செய்து, கான்கிரீட்டுக்குள் இறங்கி இறுக்கும் சிலிகேட் திரவத்தைப் பூசலாம். தூசி அடங்கும், ஈரமும் வெளியேறும். எண்ணெய்க் கறை கொஞ்சம் பிடிக்கத்தான் செய்யும். எபாக்சியே வேண்டும் என்றால், ஈரம் ஏறாத மேடான பகுதியில், லேத்தும் மேசையும் நிற்கும் இடத்துக்கு மட்டும் போட்டுக்கொள்ளலாம். வண்டி ஏறி இறங்கும் வாசல்பக்கத்தைக் கான்கிரீட்டாகவே விட்டுவிடலாம். ஓடிச் சூடான டயர், சரியாகப் பிடிக்காத பூச்சைத் தன்னோடு ஒட்டி உரித்துக்கொண்டு போய்விடும். எபாக்சிக்கும் கான்கிரீட்டுக்கும் நடுவில் வரும் கோடு அழகாக இருக்காது. பழைய பேட்ச்களும் அழகாக இருந்ததில்லை.