ஆக்கும் பொறுப்பு யாருடையது? நிரலாக்கத்தில் தொழிற்சாலைப் பாங்கு

பொருள் நோக்கு நிரலாக்கத்தைக் கற்கத் தொடங்கும் மாணவர் முதலில் அறிவன இரண்டு. ஒன்று, 'கிளாஸ்' எனப்படும் இனக்குழு. மற்றொன்று, அதனைக் கொண்டு ஆக்கப்படும் பொருள். இனக்குழு வீட்டின் வரைபடம் என்றால், பொருள் அவ்வரைபடத்தின்படி எழுப்பப்பட்ட வீடு. ஜாவா மொழியில் 'நியூ' என்னும் சொல்லோடு இனக்குழுவின் பெயரை எழுதினால் பொருள் பிறக்கிறது. நிரல் சிறிதாக உள்ளவரை இம்முறையால் தீங்கில்லை; அது வளரும்போதுதான் இடர் தோன்றுகிறது.

இடர் எங்கே?

சிங்கப்பூரில் பயன்படும் ஒரு முன்பதிவு நிரலை எண்ணிப் பார்ப்போம். நாள்களைக் கணக்கிட, அதில் அறுபது இடங்களில் 'கிரிகோரியன் கேலண்டர்' என்னும் இனக்குழுவின் பெயர் எழுதப்பட்டுள்ளது என்று கொள்வோம். அந்நிரலைத் தாய்லாந்திற்குக் கொண்டு செல்ல வேண்டும். அங்கே வழங்குவது பௌத்த ஆண்டுமுறை; நமக்கு 2024 ஆக இருந்த ஆண்டு அவர்களுக்கு 2567. இப்போது அறுபது இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் விடுபட்டாலும் ஒரே திரையில் 543 ஆண்டு இடைவெளியுடன் இரு நாள்கள் தோன்றும்.

ஜாவா நூலகம் இதற்கு ஒரு வழி வைத்துள்ளது. 'கேலண்டர்' என்னும் பொது இனக்குழுவில் 'கெட்இன்ஸ்டன்ஸ்' என்னும் செயற்கூறு உண்டு. அதனிடம் இடத்தையும் மொழியையும் தெரிவித்தால், தாய்லாந்திற்குப் பௌத்த நாட்காட்டியையும், பெரும்பாலான பிற இடங்களுக்குக் கிரிகோரியன் நாட்காட்டியையும் ஆக்கித் தருகிறது. கேட்பவர் 'ஒரு நாட்காட்டி வேண்டும்' என்கிறார்; எந்த இனக்குழுவிலிருந்து என்பதை ஆக்குபவர் முடிவு செய்கிறார். பொருளைப் பயன்படுத்தும் பொறுப்பையும் ஆக்கும் பொறுப்பையும் இவ்வாறு பிரிப்பதே தொழிற்சாலைப் பாங்கின் உயிர்நிலை.

வரலாறும் வகைகளும்

'பாங்கு' என்னும் கருத்து கட்டடக் கலையிலிருந்து வந்தது. கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் உடன் ஆசிரியர்களும் 1977இல் வெளியிட்ட நூலில், கட்டடங்களில் மீண்டும் மீண்டும் எழும் சிக்கல்களுக்கான தீர்வுகளைப் பாங்குகளாகத் தொகுத்தனர். 1994இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ஃப் ஜான்சன், ஜான் விலிசைட்ஸ் ஆகிய நால்வர் மென்பொருளுக்கென 23 பாங்குகளை வகுத்தனர். அவற்றுள் ஐந்து, பொருளாக்கம் பற்றியவை. தொழிற்சாலைப் பெயர் தாங்கியவை இரண்டு: எப்பொருளை ஆக்குவது என்பதைத் துணை இனக்குழுவிடம் விடுவது ஒன்று, ஒன்றோடொன்று பொருந்தும் பொருள்களின் குடும்பத்தையே ஆக்கித் தருவது மற்றொன்று. நாம் மேலே கண்டது இவற்றினும் எளிய வடிவம். ஒரே செயற்கூறு தேர்ந்து தருவது.

வகுப்பறையில்

'தொழிற்சாலை' என்றதும் ஆயிரக்கணக்கில் உற்பத்தி செய்வதை மாணவர் நினைப்பர். இங்கு எண்ணிக்கை பொருட்டன்று. ஆக்கும் விதம் கேட்பவருக்குத் தெரிய வேண்டாம் என்பதே கருத்து. ஆசிரியர் இதனைத் தொடக்கத்திலேயே தெளிவாக்குதல் நலம்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. மறைக்கப்பட்ட வேறுபாடு மறைந்துபோன வேறுபாடு அன்று. நாட்காட்டி தந்த 2567 என்னும் எண்ணை, அது எவ்வாண்டுமுறை எனக் குறிக்காமல் தரவுத்தளத்தில் சேமித்தால், பாங்கு நம்மைக் காப்பாற்றாது. அதுபோல, என்றும் ஒரே இனக்குழு போதும் என்னுமிடத்தில் தொழிற்சாலை அமைப்பது வீண்சுமை.

எனவே, இலக்கணத்தை மனனம் செய்விப்பதற்கு முன், மாணவரிடம் ஒரு வினாவைக் கேட்போம்: 'நாளை புதிய இனக்குழு ஒன்று வந்தால், உன் நிரலில் எத்தனை இடங்களைத் திருத்துவாய்?' விடை 'அறுபது' என்றால், இப்பாங்கின் தேவையை அவரே உணர்வார். விடை 'ஒன்று' என்றால், பெயர் அறியாமலேயே அவர் அதனைக் கற்றுவிட்டார் எனலாம்.