ஆட்டோமேட்டிக் காரை மேனுவலாக மாற்றும் முன்

பழைய ஆட்டோமேட்டிக் காரின் கியர்பாக்ஸ் மக்கர் செய்தால், சர்வீஸ் சென்டரில் சொல்லும் தொகையைக் கேட்டே பலர் மலைத்துப்போகிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மெக்கானிக், "புதுப்பேட்டையில் இதே மாடலுக்கு மேனுவல் பாக்ஸ் கிடைக்கும் சார், பாதிச் செலவில் மாற்றித் தருகிறேன். ஆர்.சி.யில் கியர் பற்றி ஒன்றும் இருக்காது" என்பார். உங்கள் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். பல கார்களுக்கு மாடல் பெயரோடு ஏ.டி., ஏ.எம்.டி. என்ற எழுத்துகளும் அச்சாகியிருக்கும்.

ஆர்.சி.யில் இல்லாவிட்டாலும் சட்டம் இருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வாகனத்தின் அடிப்படை அம்சம் மாறும்படி அதன் அமைப்பில் கைவைப்பதைத் தடுக்கிறது. தயாரிப்பாளர் தந்த விவரத்துக்கு மாறாக வாகனத்தை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கியர்பாக்ஸ் அடிப்படை அம்சமா என்று வாதாடலாம். ஆனால் வழக்கு வந்தால் அலையப்போவது நீங்கள்தான், மெக்கானிக் அல்ல.

சட்டத்தைவிட எனக்குப் பெரிய கவலை ஒயரிங்தான். கிளட்ச் பெடல், மாஸ்டர் சிலிண்டர், ஃப்ளைவீல், கியர் லிவர் என்று பொருத்துவது கைத்திறமை உள்ளவருக்கு முடியக்கூடிய வேலை. ஆட்டோமேட்டிக் காரிலோ, லிவர் 'பி' அல்லது 'என்'னில் இருந்தால்தான் ஸ்டார்ட் ஆகும்படி ஒரு சுவிட்ச் உண்டு. பழைய பாக்ஸைக் கழற்றியதும் கார் ஸ்டார்ட் ஆகாது. உடனே அந்தச் சுவிட்சுக்குப் போகும் இரண்டு ஒயர்களை ஒன்றாக முறுக்கி, டேப் சுற்றிவிடுவார்கள். அதன்பிறகு கியர் போட்டு நிறுத்திய காரில் குழந்தை சாவியைத் திருப்பினாலும் வண்டி முன்னால் பாயும். ரிவர்ஸ் விளக்கின் இணைப்பும் பெரும்பாலும் அங்கேயே இருப்பதால், அதுவும் எரியாமல் போகலாம். புதிய கார்களில் இன்ஜின் கம்ப்யூட்டர், இல்லாத பாக்ஸைத் தேடிக்கொண்டே இருக்கும். எச்சரிக்கை விளக்கு அணையாது.

விபத்து நடந்தால் காப்பீட்டு சர்வேயர் மூன்றாவது பெடலைப் பார்த்துவிடுவார். நீங்கள் தெரிவிக்காத மாற்றம் என்று கிளைமை மறுக்க அது போதும். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். முதலில் நிறுவனத்திடம் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் இல்லையென்றாலோ, வந்த பதிலில் திருப்தி இல்லையென்றாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணமும் வேண்டாம், வக்கீலும் வேண்டாம்.

பட்டறையில் ஏமாந்தவர்களுக்கும் வழி உண்டு. பில் தர மறுப்பதே 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். 1915 என்ற எண்ணில் புகார் சொல்லலாம். இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் என்றால் அங்கே கட்டணம் கிடையாது. ஜாப் கார்டு, ஜி.எஸ்.டி. பில், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்கி வையுங்கள். துண்டுச் சீட்டில் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு வழக்கை நிரூபிப்பது கஷ்டம்.

இப்படி மாற்றுவதற்கு முன்னால், பாக்ஸ் உண்மையிலேயே போய்விட்டதா என்று இன்னொரு இடத்தில் காட்டுங்கள். ஏ.எம்.டி. என்பது உள்ளுக்குள் மேனுவல் பாக்ஸ்தான்; கிளட்சை மிதித்து கியர் மாற்றும் வேலையை ஆக்சுவேட்டர் செய்கிறது. பல நேரம் பழுது அந்த ஆக்சுவேட்டரிலோ அதன் எண்ணெயிலோ இருக்கும். சி.வி.டி. வண்டி என்றால் ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று பாருங்கள். பழுது பார்க்கவே முடியாதென்றால், உள்ளதைச் சொல்லி விற்றுவிட்டு ஒரு மேனுவல் கார் வாங்குவதே என் யோசனை.

அப்படியும் மாற்றத்தான் வேண்டும் என்பவர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுதிக் கொடுத்து, எழுத்திலேயே பதில் வாங்கிவிடுங்கள்.