மைக் வாங்கப் போறீங்களா? முதல்ல ஃபேனை நிறுத்துங்க!

செமஸ்டர் லீவு வந்தா போதும், நம்ம கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்புல இந்தக் கேள்வி வந்துடும்: "மச்சி, மூவாயிரத்துக்குள்ள ஒரு நல்ல மைக் சொல்லு. கேமுக்கும் ஆகணும், பாட்டு ரெக்கார்ட் பண்ணவும் ஆகணும்." மாடல் பேரைத் தேடுறதுக்கு முன்னாடி, நான் பண்ண ஒரு தப்பைச் சொல்லிடுறேன்.

முத்தியால்பேட்டையில எங்க பக்கத்து வீட்டுத் தாத்தா பிரெஞ்சு ராணுவத்துல இருந்தவர். தெருவுல எல்லாருக்கும் அவர் 'சொல்தா தாத்தா'. போன வருஷம் அவர் கதையை ரெண்டு மணி நேரம் பதிவு பண்ணேன். கேமுக்கு வாங்கின ப்ளூடூத் ஹெட்செட்டையே அவர் தலையில மாட்டி, லேப்டாப்ல ரெக்கார்ட் போட்டேன். வீட்டுக்கு வந்து கேட்டா, பழைய லேண்ட்லைன் போன்ல பேசுற மாதிரி இருந்துச்சு. அவர் சொன்ன பிரெஞ்சு ஊர்ப் பேர் பாதி புரியவே இல்லை.

ப்ளூடூத் செய்த வேலை

பாட்டு கேட்கும்போது ப்ளூடூத் ஹெட்செட் ஒருவழிப் பாதையில் நல்ல தரத்தில் ஒலியைத் தருகிறது. மைக்கையும் திறந்த உடனே, பெரும்பாலான ஹெட்செட்கள் போன் பேசுவதற்கான முறைக்கு மாறிவிடும். அதில் சாம்ப்ளிங் 8 அல்லது 16 கிலோஹெர்ட்ஸ்தான். நைக்விஸ்ட் விதி ஞாபகம் இருக்கா? 8 கிலோஹெர்ட்ஸில் சாம்ப்ளிங் செய்தால், 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே எதுவும் பதிவாகாது. 'ஸ' ஒலியின் பெரும்பகுதி அதற்கு மேலேதான் இருக்கு. கேம்ல டீமோட பேச ஆரம்பிச்சதும் கேம் சத்தமே மட்டமாகிறதும் இதனாலதான். புதிய எல்.இ. ஆடியோ இந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்குது. ஆனா ஹெட்செட், லேப்டாப் ரெண்டுலயும் அது இருக்கணும்.

கேமுக்கு வயர் ஹெட்செட் வாங்குங்க. வயர் வேண்டாம்னா, 2.4 கிகாஹெர்ட்ஸ் டாங்கிளோட வர்றதை வாங்குங்க, தாமதமும் குறைவு. '7.1' என்று பெட்டியில் போட்டிருந்தால் மயங்காதீங்க. பெரும்பாலும் உள்ளே இருப்பது காதுக்கு ஒரு ஸ்பீக்கர்தான், மீதி சாஃப்ட்வேர் வேலை. இன்னொன்று: லேப்டாப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் சேர்த்து ஒரே ஓட்டை, டெஸ்க்டாப்பில் பெரும்பாலும் ரெண்டு. வீட்டுல எது இருக்குன்னு பார்த்துட்டுக் கடைக்குப் போங்க.

கண்டென்சரா, டைனமிக்கா?

"டைனமிக் மைக் வாங்கு, ஃபேன் சத்தம் வராது"ன்னு ஒருத்தர் கட்டாயம் சொல்லுவாங்க. இது பாதி உண்மை. டைனமிக் மைக்குக்கு உணர்திறன் குறைவு. அதனால வாய்க்குப் பக்கத்துல வச்சுப் பேசுறோம். அந்தப் 'பக்கம்'தான் சத்தத்தைக் குறைக்குது, மைக் இல்லை!

கணக்கு போட்டுப் பாருங்க. தூரம் பாதியானால், மைக்குக்கு வரும் குரல் சுமார் 6 டெசிபல் கூடும். மேசையில் 40 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் மைக்கை 10 சென்டிமீட்டருக்குக் கொண்டு வந்தால் 12 டெசிபல், அதாவது ஒலியழுத்தம் நாலு மடங்கு. ஃபேன் இருந்த இடத்துலயே இருக்கு, அதன் சத்தம் கூடலை. இந்த லாபத்துக்கு ஒரு ரூபாய் செலவில்லை. 'ப', 'ட' சொல்லும்போது காத்து அடிச்சா, மைக்கை வாய்க்கு நேரா வைக்காம கொஞ்சம் பக்கவாட்டில் வச்சுக்கோங்க.

எக்ஸ்.எல்.ஆர். மைக் வாங்கினால் ஆடியோ இன்டர்ஃபேஸ் தனிச் செலவு. அந்த வகைக் கண்டென்சருக்கு அதிலிருந்து 48 வோல்ட் மின்சாரமும் வேணும். முதல் மைக்குக்கு யூ.எஸ்.பி. போதும். நம்ம ஊர்க் கடல் காத்துல ஈரப்பதம் அதிகம். கண்டென்சர் கேப்ஸ்யூலில் ஈரம் சேர்ந்தால் கரகரன்னு சத்தம் வரும். வேலை முடிஞ்சதும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வைங்க.

அறையும் ஒரு கருவிதான்

டைல்ஸ் தரை, வெறும் சுவர், உயரமான கூரை: இந்த மூணும் சேர்ந்தா எதிரொலிதான். போர்வையைச் சுவரில் தொங்கவிடுங்க, துணி நிறைஞ்ச பீரோவைத் திறந்து வச்சு அதுக்கு எதிரே உட்காருங்க. பாடுறவங்க காதை மூடுற வகை ஹெட்போன் போடணும். இல்லைன்னா கரோக்கி சத்தம் கசிஞ்சு மைக்குக்குள்ள வந்துடும்.

கடைசியா ஒரு சோதனை: எதை வாங்குறதுக்கும் முன்னாடி, இருக்கிற போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் வச்சு 30 விநாடி பேசிப் பதிவு பண்ணுங்க. ஃபேன் ஓடும்போது ஒண்ணு, நிறுத்திட்டு ஒண்ணு. ரெண்டாவதே போதும்னு தோணினா, மூவாயிரம் மிச்சம்.

போன மாசம் தாத்தா வீட்டுக்கு மறுபடி போனேன். ஃபேனை நிறுத்தினோம். வயர் உள்ள காலர் மைக் ஒண்ணைச் சட்டையில் மாட்டினேன், மறுமுனை என் போனில். ஆயிரம் ரூபாய்கூட ஆகலை. குரல் அவ்வளவு தெளிவு! ஆனா நாற்பது நிமிஷத்துலயே களைச்சுட்டார். போன வருஷம் சொன்ன கப்பல் பயணக் கதையைக் கேட்டேன். "அதுவா... சரியா ஞாபகம் இல்லப்பா"ன்னு சொல்லிட்டார். அந்தக் கதை இப்போ என்கிட்ட இருக்கிறது, அந்தப் பழைய லேண்ட்லைன் குரல்ல மட்டும்தான்.

உங்க வீட்டுலயும் ஒரு தாத்தாவோ ஆயாவோ இருந்தா, இந்த லீவுல முதல் ரெக்கார்டிங் அவங்களோடதா இருக்கட்டும். கேம் அப்புறம் ஆடிக்கலாம்!